நுரையீரலுக்கும் எடை உண்டு



மருத்துவர் ஒருவர் மேடையேறினால் சர்க்கரை, கொழுப்பு, மாரடைப்பு என்று பயமுறுத்தப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இன்று அந்தப் பயம் வேண்டாம். நான் பேச வந்தது புவியீர்ப்பைப் பற்றி. பொருள்களைக் கீழே இழுக்கிற அந்த விசை நம் மூச்சை என்ன செய்கிறது? உட்கார்ந்தால் என்ன, மல்லாந்து படுத்தால் என்ன, குப்புறப் படுத்தால் என்ன? எப்படி இருந்தாலும் மூச்சு ஓடத்தானே செய்கிறது என்கிறீர்களா? ஓடுகிறது. ஆனால் நுரையீரலின் எந்த மூலையில் ஓடுகிறது என்பது நீங்கள் உடம்பை வைக்கும் விதத்தைப் பொறுத்து மாறுகிறது. நோயாளியைப் படுக்க வைக்கும் விதமும் ஒரு சிகிச்சை. மருந்துச் சீட்டில் எழுதப்படாத சிகிச்சை. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு மூச்சு இழுங்கள். அந்தக் காற்று நுரையீரலின் மேல் பகுதிக்கு அதிகம் போனதா, கீழ்ப் பகுதிக்கு அதிகம் போனதா? மேல் பகுதி என்பவர்கள் கை தூக்குங்கள். (பலர் கை தூக்குகிறார்கள்.) நல்லது. காற்று இலேசானது, மேலேதானே போகும் என்று நினைத்திருப்பீர்கள். விடை கீழ்ப் பகுதி. மேலே இருக்கும் திசுவைவிடக் கீழே இருக்கும் அதே அளவு திசு ஒன்றரை மடங்குக்கும் அதிகமாகக் காற்றை வாங்குகிறது.

ஏன்? அதற்கு ஒரு சாமான் கொண்டுவந்திருக்கிறேன். திருவிழாக் கடையில் குழந்தைகளுக்கு விற்கிற வண்ணப் பிளாஸ்டிக் ஸ்பிரிங். பேத்தியிடம் இரவல். மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுகிறேன், பாருங்கள். மேலே உள்ள வளையங்கள் எப்படி இருக்கின்றன? ஒன்றுக்கொன்று விலகி, அகலமாக விரிந்து கிடக்கின்றன. கீழே உள்ளவை? ஒட்டி ஒட்டி, நெருக்கமாக. இத்தனைக்கும் எல்லாம் ஒரே பிளாஸ்டிக், ஒரே தடிமன். மேல் வளையம் தனக்குக் கீழே தொங்கும் அத்தனை வளையங்களின் எடையையும் சுமக்கிறது. அடி வளையத்துக்குச் சுமை என்று ஒன்றும் இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

நுரையீரலும் இப்படித்தான் தொங்குகிறது. காற்று நிரம்பிய பைக்கு என்ன எடை இருக்கும் என்று கேட்காதீர்கள். அதில் ஓடும் ரத்தத்தையும் சேர்த்தால் இரண்டு நுரையீரலும் ஒரு கிலோவை ஒட்டி வரும். உச்சி, காறை எலும்புக்குச் சற்று மேலேயே எட்டிப் பார்க்கிறது. அடி, உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. நடுவே ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரம். இந்த உயரத்துக்குள் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள். உச்சியில் இருப்பவை தம் கீழே உள்ள பாரத்தால் இழுபட்டு முன்னமே விரிந்து நிற்கின்றன; அடியில் இருப்பவை சுருங்கிக் கிடக்கின்றன.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவே மிகக் குறுகிய ஓர் இடைவெளி உண்டு, அதில் கொஞ்சம் திரவம். நுரையீரல் உள்ளே சுருங்கப் பார்க்கிறது. நெஞ்சுக்கூடு வெளியே விரியப் பார்க்கிறது. இந்த இழுபறியில் அந்த இடைவெளியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடுகிறது. உச்சியில் இந்தக் குறைவு 10 சென்டிமீட்டர் நீரழுத்தம். அடியில் இரண்டரை மட்டுமே. ஒரே நெஞ்சு, ஒரே நொடி, ஆனால் மேலே நான்கு மடங்கு இழுவை!

இப்போது மூச்சு இழுக்கிறோம். உதரவிதானம் கீழே இறங்குகிறது. எல்லா நுண்ணறைகளையும் இன்னும் கொஞ்சம் விரியச் சொல்கிறது. உச்சியில் இருப்பவை என்ன செய்யும்? அவை ஏற்கெனவே விரிந்து விறைத்திருப்பவை. நுரையீரல் திசு இழுக்க இழுக்க விறைக்கும். இந்த விஷயத்தில் அது என் கையிலுள்ள ஸ்பிரிங்கைவிடக் கறாரானது. ஆகவே உச்சி சிறிதளவே விரிகிறது. அடியில் இருப்பவற்றுக்கோ விரிய இடம் ஏராளம். சுருங்கி இருந்தவை மளமளவென்று விரிகின்றன, காற்றை வாங்கிக்கொள்கின்றன. பெரிதாக இருப்பதல்ல மூச்சு, பெரிதாவதுதான் மூச்சு.

கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஜோசப் மிலிக்-எமிலி என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதைக் கதிரியக்கச் செனான் வாயுவைச் சுவாசிக்க வைத்துக் கண்டுபிடித்தார்கள். நெஞ்சின் மேல் வெவ்வேறு உயரங்களில் கருவிகளை வைத்து, எந்த உயரத்துக்கு எவ்வளவு வாயு போகிறது என்று எண்ணினார்கள். 1966-இல் அது அச்சாயிற்று. அதிலே ஒரு திருப்பம் உண்டு. சாதாரண மூச்சில் கீழே அதிகம் போகிறது, சரி. நெஞ்சில் உள்ள காற்றை முடிந்த மட்டும் வெளியே ஊதித் தள்ளிவிட்டு, அதன்பின் ஒரு சிறு மூச்சு இழுத்தால்? அந்த முதல் காற்று நேரே உச்சிக்குப் போகிறது! அடிக்குப் போவதே இல்லை. விதி தலைகீழாகிவிட்டது.

காரணம் என்ன? முழுக்க ஊதிவிட்டால் அடிப்பகுதியின் சின்னஞ்சிறு மூச்சுக்குழல்கள் மேலே உள்ள பாரத்தால் நசுங்கி மூடிக்கொள்கின்றன. கதவு அடைத்துக் கிடக்கும்போது காற்று எப்படி உள்ளே போகும்? போதுமான இழுவை கிடைத்த பிறகே கதவு திறக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? ஊதித் தள்ளும் சோதனையை யார் வீட்டில் செய்யப் போகிறார்கள்? செய்ய வேண்டாம். வயது அதை நமக்குச் செய்துவிடுகிறது. இளமையில் நுரையீரல் திசு நல்ல இழுவிசையோடு இருக்கிறது. அந்த இழுவிசைதான் சிறு குழல்களைத் திறந்து வைத்திருக்கிறது. வயது ஏற ஏற அது தளர்கிறது. முழுக்க ஊதாமலேயே, சாதாரண மூச்சு விட்டு முடிக்கும்போதே அடிக்குழல்கள் மூட ஆரம்பிக்கின்றன. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு இது சராசரியாக 65 வயதை ஒட்டி நடக்கிறது. மல்லாந்து படுத்திருப்பவருக்கு? 44 வயதிலேயே! புகைப்பவர்களுக்கு இன்னும் முன்னதாக. இருபது வருஷ வித்தியாசம், மருந்தில்லை, மாத்திரையில்லை, உட்கார்வதற்கும் படுப்பதற்கும் இடையே மட்டும். வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருந்தால் இந்த இரண்டு எண்களையும் சுவரில் எழுதி ஒட்டலாம் என்பேன்.

காற்றின் கதை இது. காற்று மட்டும் வந்தால் போதுமா? அதை வாங்கிக்கொள்ள ரத்தம் வர வேண்டாமா? ரத்தத்தின் மேல் புவியீர்ப்பின் பிடி இன்னும் இறுக்கமானது.

கையிலே பட்டை கட்டி நாம் அளக்கிற ரத்த அழுத்தம் 120-க்கு 80. நுரையீரலுக்குப் போகிற தமனியின் சராசரி அழுத்தம் எவ்வளவு தெரியுமா? வெறும் 15 மில்லிமீட்டர் பாதரசம். நீராகச் சொன்னால் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தள்ளும் அளவு, அவ்வளவுதான். நுரையீரலின் உயரமோ 30 சென்டிமீட்டர். இதயம் நடுவாக்கில் இருப்பதால் ரத்தம் உச்சியை எப்படியோ தொட்டுவிடுகிறது. தொட்டுவிடுகிறது என்பதுதான் சரியான சொல், பாய்வதில்லை. மாடிப்படி ஏறினாலோ ஓடினாலோ அழுத்தம் உயர்ந்து உச்சிக்கும் நன்றாகப் போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உச்சிக்குக் கிடைப்பது சொட்டு.

இதைக் கண்ணால் பார்த்த மாதிரி காட்டியவர் ஜான் வெஸ்ட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்து லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அந்த மருத்துவமனையில் அப்போது சைக்ளோட்ரான் ஒன்று இருந்தது. அதில் உண்டாக்கிய கதிரியக்க ஆக்சிஜனைக் கரியமில வாயுவில் சேர்த்து, ஆட்களை ஒரு மூச்சு இழுத்து அடக்கச் சொன்னார்கள். அந்த ஆக்சிஜனின் ஆயுள் கொஞ்ச நேரம். இரண்டே நிமிடத்தில் பாதி போய்விடும். உண்டாக்கிய கையோடு சுவாசிக்க வைக்க வேண்டும். ரத்தம் ஓடுகிற இடத்தில் வாயுவை ரத்தம் அள்ளிக்கொண்டு போய்விடும், கருவியின் துடிப்பு சட்டென்று குறையும். ரத்தம் ஓடாத இடத்தில் அப்படியே நிற்கும். அடியில் மடமடவென்று குறைந்தது. உச்சியில் ஏறக்குறைய அசையவே இல்லை. 1960-இல் வெஸ்ட்டும் காலின் டாலரியும் இதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு வெஸ்ட், எட்மண்ட் ஹிலாரியின் குழுவோடு இமயத்துக்குப் போய் 5,800 மீட்டர் உயரத்தில் ஒரு குடிலில் மாதக்கணக்கில் தங்கி மூச்சை ஆராய்ந்தார். சில மனிதர்கள் அப்படி!

அவர் போட்டுக் காட்டிய கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். நிமிர்ந்த நுரையீரலைக் குறுக்காக ஒன்பது தட்டுகளாக வெட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். உச்சித் தட்டுக்கு நிமிடத்துக்கு 0.24 லிட்டர் காற்று, 0.07 லிட்டர் ரத்தம். அடித் தட்டுக்கு 0.82 லிட்டர் காற்று, 1.29 லிட்டர் ரத்தம். அடித் தட்டு உருவத்திலும் பெரியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காற்று மூன்றரை மடங்குக்குள் நிற்க, ரத்தம் பதினெட்டு மடங்கு ஏறுகிறதே! ஆக உச்சியில் காற்று மிச்சம், ரத்தம் பஞ்சம். அடியில் ரத்தம் மிச்சம், காற்று பற்றாக்குறை. விளைவு? உச்சியின் நுண்ணறைகளில் ஆக்சிஜன் அழுத்தம் 132, அடியில் 89.

மிஞ்சிக் கிடக்கிற அந்த ஆக்சிஜனை யார் அனுபவிக்கிறார்கள்? காசநோய்க் கிருமி. அது ஆக்சிஜன் பிரியன். உடம்பில் எங்கோ தூங்கிக் கிடந்து, பெரியவர்களாகும்போது மறுபடி தலைதூக்குகிற காசநோய், நுரையீரலின் உச்சியைத்தான் பெரும்பாலும் தேடிப் போகிறது. எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரே பிடித்ததும் எங்கள் கண் முதலில் காறை எலும்பின் பின்னால் போவது அதனால்தான். உச்சியில் நிணநீர் வடிகாலும் மந்தம் என்பது இன்னொரு காரணம். நாம் இரண்டு காலில் எழுந்து நின்றதற்குக் கொடுத்த விலைகளில் இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மருந்து கண்டுபிடிக்காத காலத்தில் காசநோய்க்கு என்ன வைத்தியம்? சானடோரியத்தில் படுக்கை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் படுக்கை. 1928-இல் தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய சானடோரியம் அந்தப் பகுதிக்கே பெயராகி, ரயில் நிலையப் பலகையிலும் ஏறிவிட்டது. படுத்தால் உச்சிக்கு ரத்தம் போகும் என்பது உண்மை; படுக்கை வைத்தியத்துக்கு அப்படி ஒரு நியாயமும் பின்னாளில் சொல்லப்பட்டது. ஆனால் நியாயம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா, நோய் தீர வேண்டாமா? 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியத்திலும் இன்னொரு சாராரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடிசைகளில், குறைந்த சாப்பாட்டில், வேலைவெட்டி பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். 1959-இல் முடிவு வந்தது: இரு சாராரும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். உலகமே சானடோரியங்களைப் பூட்ட ஆரம்பித்ததற்குச் சென்னை ஒரு முக்கியக் காரணம். ஈர்ப்புவிசை, கிருமி எங்கே குடியேறும் என்பதைத் தீர்மானிக்கலாம். அதைக் கிளப்புவது மருந்துதான்.

சரி, படுக்கைக்கு வருவோம். மல்லாந்து படுத்தால் என்ன ஆகிறது?

நின்றபோது வயிற்றுக் குடல், கல்லீரல், இரைப்பை எல்லாம் கீழே தொங்கின. படுத்ததும் அவை பின்வாங்கி உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. சாதாரணமாக மூச்சு விட்ட பிறகு நெஞ்சில் மிச்சமிருக்கும் காற்று அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குறைந்துவிடுகிறது. தொப்பை உள்ளவர்களுக்கு, நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம். இதயம் பலவீனமானவர்களுக்குக் காலில் தேங்கிய ரத்தமும் சேர்ந்து நெஞ்சுக்குத் திரும்புகிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, ‘ஜன்னலைத் திற’ என்பார்கள். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்பது வம்புக்காக இல்லை.

வயிற்றுப் பாரம் மூச்சைத் தள்ளுவது மனிதருக்கு மட்டுமா? தென் அமெரிக்கக் காடுகளில் தலைகீழாகத் தொங்கும் ஒரு பிராணி உண்டு, ஸ்லாத் என்பார்கள். அதன் வயிற்றில் இருப்பது உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை வரும். தொங்கும்போது அவ்வளவும் நுரையீரல் மேல் விழ வேண்டும். விழுவதில்லை. அதன் கல்லீரலையும் மற்ற உறுப்புகளையும் சவ்வுகள் கீழ் விலா எலும்புகளோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கின்றன. 2014-இல்தான் இதைக் கவனித்துச் சொன்னார்கள். நமக்கு அந்தக் கட்டு இல்லை.

அறுவை சிகிச்சை மேசைக்குப் போவோம். மல்லாந்த நிலை, அதோடு மயக்க மருந்து. 1980-களில் ஸ்வீடனில் ஹெடன்ஸ்டியர்னா குழுவினர், மயக்கத்தில் இருப்பவர்களை ஸ்கேன் செய்தார்கள். மயக்கம் கொடுத்துச் சில நிமிடங்களுக்குள், முதுகை ஒட்டிய நுரையீரல் பகுதி காற்றிழந்து சுருண்டு, வெள்ளைப் பிறையாகப் படத்தில் தெரிந்தது. ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு! நோய் இல்லாத நுரையீரல்தான், படுத்ததும் மயங்கியதும் போதும்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் பிசியோதெரபிஸ்ட் வந்து உங்களை எழுப்பி உட்கார வைப்பார். வலிக்கிறது என்பீர்கள். கூட இருக்கும் சொந்தக்காரர் ‘பாவம், படுத்துக்கட்டும் விடுங்க சார்’ என்பார். தயவுசெய்து அந்தப் பாவம் பார்க்காதீர்கள். மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுப்பார்கள். பாதிப் பேர் அதை ஊதுகிறார்கள்! ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மெல்ல, ஆழமாக உறிஞ்சி, பந்தை மேலேயே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். அந்த நீண்ட இழுப்புதான் அடியில் மூடிய கதவுகளைத் திறக்கிறது.

இதே மூடலை வேறு விதமாகச் சந்திப்பவர் ஒருவர் உண்டு. போர் விமானி. கூர்மையாகத் திரும்பும்போது அவர் உடம்பு ஐந்து மடங்கு எடையாகிறது, நுரையீரலும்தான். அடிப்பகுதி நசுங்கிக் குழல்கள் மூடுகின்றன. உள்ளே மாட்டிக்கொண்டது சுத்த ஆக்சிஜன் என்றால், ரத்தம் அதை முழுக்க உறிஞ்சிவிடும், நுண்ணறை சுருண்டுவிடும். தரையிறங்கிய விமானிகள் இருமிக்கொண்டே இறங்குவதற்கு இது ஒரு காரணம். எடை கூடினால் இப்படி. எடையே இல்லாமல் போனால்?

எல்லோரும் கேட்க நினைத்த கேள்வி இது. விண்வெளிக்குப் போனால் மேல் கீழ் ஏது? எல்லா நுண்ணறைகளும் சமமாக மூச்சு வாங்க வேண்டுமே? வெஸ்ட்டுக்கும் இதே ஆசை. 1991 ஜூன் மாதம் கொலம்பியா விண்ணோடத்தில் விண்வெளி ஆய்வுக்கூடம் போனது. அதிலிருந்த நால்வர் மூச்சுக் கருவிகளில் வாயை வைத்து இழுத்து, ஊதி, அடக்கி அளந்தார்கள். மேலிருந்து கீழ் வரையிலான வித்தியாசம் பெரும்பாலும் போயிற்று. ரத்தம் உச்சிக்கும் தாராளமாகப் போனதால் வாயு ரத்தத்துக்குள் கடக்கும் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. ஆனால் சமமின்மை முழுக்க மறைந்ததா? இல்லை! கணிசமாக மிஞ்சியது.

இதே காலத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் க்ளென்னி என்பவரின் குழு நாய்களின் நுரையீரலைச் சிறுசிறு துண்டுகளாக்கி ரத்த ஓட்டத்தை அளந்தபோது, ஒரே உயரத்தில் அடுத்தடுத்து இருக்கும் துண்டுகளுக்கிடையிலேயே பெரிய வித்தியாசம் கிடந்தது. ரத்தக் குழல்கள் கிளைத்துக் கிளைத்துப் போகும் விதமே சில இடங்களுக்கு அதிகமும் சில இடங்களுக்குக் குறைவுமாகக் கொடுக்கிறது. ஆக, புவியீர்ப்பு ஒரு பங்காளி மட்டுமே. எத்தனை சதவீதப் பங்காளி என்று அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள், காரசாரமாகவே. எனக்கு அந்தச் சண்டையில் பிடித்தது இது: பாடப்புத்தகத்தில் ஒன்பது தட்டுக் கணக்கு எழுதியவரே அதைச் சோதிக்க விண்வெளிக்குக் கருவி அனுப்பினார்.

இனி நான் ஆற அமரப் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். குப்புறப் படுப்பது.

கடுமையான நிமோனியாவோ, உடம்பெங்கும் பரவிய தொற்றோ, நுரையீரலில் நீர் கசிய வைக்கிறது. ஈரம் ஏறிய நுரையீரல் இரண்டு மூன்று மடங்கு கனக்கும். மல்லாந்து கிடக்கும் நோயாளிக்கு அந்தக் கனம் முழுக்க முதுகுப் பக்கத்தை அழுத்துகிறது. போதாததற்கு இதயமும் நுரையீரல் மேல் சாய்ந்து உட்காருகிறது. இத்தாலியின் மிலான் நகரில் லூசியானோ கத்தினோனி இத்தகைய நோயாளிகளை ஸ்கேன் செய்து பார்த்தபோது, முன்பக்கம் கறுப்பாகக் காற்றோடும் பின்பக்கம் வெள்ளையாகக் காற்றில்லாமலும் இருந்தது. வெண்டிலேட்டர் தள்ளும் காற்று முழுக்க அந்தச் சிறிய முன்பகுதிக்கே போய் அதைக் கிழிக்கிறது. ரத்தமோ பின்பகுதிக்கே ஓடுகிறது. காற்று ஓரிடம், ரத்தம் ஓரிடம்!

கவிழ்த்துப் போட்டால்? முதுகு மேலே வருகிறது, பாரம் விலகுகிறது. இதயம் மார்பெலும்பின் மேல் இறங்கிக்கொள்கிறது. முதுகுப் பக்கத்தில்தான் நுரையீரல் திசு அதிகம், அது திறக்கிறது. ரத்தம் பெரும்பாலும் பழையபடி முதுகுப் பக்கமே ஓடுகிறது. க்ளென்னி சொன்ன கிளைப்பு இங்கே நமக்குக் கைகொடுக்கிறது, பாருங்கள்! காற்றும் ரத்தமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

இதைச் செய்யலாம் என்று 1974-இலேயே சொல்லியாயிற்று. 1976-இல் செய்து பார்த்து ஆக்சிஜன் ஏறுவதைக் காட்டியும் ஆயிற்று. ஆனால் ஆக்சிஜன் ஏறுவது வேறு, உயிர் பிழைப்பது வேறு. 2001-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் உயிர் பிழைப்பு கூடவில்லை. அன்றாடம் ஏழு மணி நேரம் போலத்தான் கவிழ்த்திருந்தார்கள். 2013-இல் க்ளோட் கெரின் தலைமையில் பிரான்சிலும் ஸ்பெயினிலுமாக 466 பேரிடம் நடந்த ஆய்வில், ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் கவிழ்த்தார்கள். 28 நாள் கணக்கில், மல்லாந்து கிடந்தவர்களில் 32.8 சதவீதம் பேர் இறந்தார்கள். குப்புறக் கிடந்தவர்களில் 16 சதவீதம். பாதி! புது மருந்தில்லை, புது இயந்திரமில்லை.

கவிழ்ப்பது என்றால் எளிதா? செவிலியர் மாணவிகள் கேளுங்கள், நாளை உங்கள் கை வேலை இது. தலைமாட்டில் நிற்பவர் மூச்சுக் குழாயைப் பிடித்துக்கொள்வார். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ சொல்வது அவர் மட்டுமே. பக்கத்துக்கு இருவர். முதலில் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்து, பிறகு ஒருக்களி, பிறகு கவிழ். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை உடம்போடு, நீந்துகிறவர் மாதிரி. முகம் தூக்கிய கையைப் பார்த்தபடி. இரண்டு மணிக்கொரு தரம் முகத்தையும் கையையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கன்னத்தில் புண், கண்ணில் புண். ஒட்டும் பட்டைகளை மார்பிலிருந்து எடுத்து முதுகில் ஒட்ட வேண்டும். இத்தனை வேலையும் செய்து முடித்துத் திரும்பிப் பார்த்தால், திரையில் எண் ஏற ஆரம்பித்திருக்கும். கொரோனா காலத்தில் பாதுகாப்பு உடைக்குள் வேர்த்து விறுவிறுத்து இந்த வேலையை ஒரே நாளில் பல முறை செய்த ஆட்களுக்கு எந்த மேடையும் போதாது. (கைத்தட்டல்.)

குழாய் போடாத, விழித்திருக்கும் நோயாளிகளுக்கும் இது பரவியது. ஆறு நாடுகளில் 1,100-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், குப்புறப் படுத்தவர்களில் குழாய் தேவைப்பட்டோ இறந்தோ போனவர்கள் 40 சதவீதம், மற்றவர்களில் 46. வித்தியாசம் சிறிதுதான், அதுவும் குழாய் போடுவது குறைந்ததால் வந்தது, உயிரிழப்பு குறைந்ததாக நிரூபணமாகவில்லை. 2021 ஏப்ரலில் படுக்கை கிடைக்காமல் நாடே தவித்தபோது மத்திய சுகாதார அமைச்சகம் வீட்டில் குப்புறப் படுக்கும் முறையைப் படம் போட்டு வெளியிட்டது: ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால், கழுத்தடியில் ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் கூடாது. கர்ப்பிணிகளுக்கும், கடுமையான இதய நோயாளிகளுக்கும், முதுகெலும்பு, இடுப்பு, தொடை எலும்பு முறிந்தவர்களுக்கும் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் பதில் இல்லை அது. போய்ச் சேரும் வரைக்கும்.

கடைசியாக ஒன்று. ஒரு பக்க நுரையீரலில் மட்டும் நிமோனியா என்றால் எந்தப் பக்கம் ஒருக்களிக்க வைப்பது? பெரியவர்களை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி. ரத்தம் கீழே போகும், அங்கே நல்ல நுரையீரல் காத்திருக்கும். நோயுற்ற பக்கத்திலிருந்து ரத்தம் கக்குகிறார் என்றால் மட்டும் மாற்றுங்கள்: ரத்தம் வரும் பக்கம் கீழே, நல்ல பக்கத்துக்குள் ரத்தம் வழிந்துவிடக் கூடாது. கைக்குழந்தை என்றால்? எல்லாம் தலைகீழ். குழந்தையின் நெஞ்சுக்கூடு மெத்தென்றிருப்பதால் கீழே போகும் நுரையீரலின் குழல்கள் சட்டென்று மூடிக்கொள்ளும், காற்று மேல் பக்கத்துக்கே போகும். அதனால் நல்ல பக்கம் மேலே இருக்க வேண்டும். பெரியவர் வார்டிலிருந்து குழந்தைகள் வார்டுக்கு மாறிப் போகும் மாணவிகள் இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே தேவைப்படும்.